சத்தம் ஆகாது

பிர்னோவில் கடல் கிடையாது.
வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து
நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நீல டேங் மீனின் மேல்
ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.
த்ரஹோமீரா அதைத் தனித் தொட்டிக்கு மாற்றினாள்.
மணல் இல்லை, பாறை இல்லை,
ஒளிந்துகொள்ள ஒரு பிளம்பிங் குழாய்.
சொட்டுச் சொட்டாகத் தாமிரம்:
கூடினால் மீன் சாகும்
குறைந்தால் புள்ளி பிழைக்கும்.

கண்ணாடியைச் சுற்றிப்
போன வாரச் செய்தித்தாளை ஒட்டினாள்.
விளக்கை அணைத்தாள்.
இரவு ட்ராம் ஓட்டிவிட்டு வரும் ராடிம்
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிக்
கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.
தும்மல் வந்தால்
படிக்கட்டுக்கு ஓடுகிறான்.

விவாகரத்துப் பேச்சைக்கூட
முப்பது நாள் தள்ளிவைத்திருக்கிறார்கள்.
சத்தம் ஆகாது, மீனுக்கு.

பதினோராம் நாள்
வானிலைப் பக்கத்துக் கிழிசல் வழியே
தலையோடு தலை முட்டப் பார்க்கிறார்கள்.
குழாய்க்குள்ளிருந்து வாய் மட்டும் நீண்டு
கிளிப்பில் மாட்டிய கடற்பாசித் தாளில்
ஒரு கடி.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.

'பார்த்தாயா?'
உதடு மட்டும் அசைகிறது அவனுக்கு.

அவள் சோதனைக் குப்பியை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள்.
நீலம் சரியாகத்தான் இருக்கிறது.
இன்னும் பத்தொன்பது நாள், என்கிறாள்
மிக மெதுவாக.