இருப்பு: ஒன்று

நாலு பத்துக்கு ஃபைரூஸ் அழைத்தார்.
வழக்கமாய் அவர் குரலுக்குப் பின்னால் டீசல் உறுமும்,
பாதிச் சொற்களை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன்.
இன்று ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாய்க் கேட்டது.
அதிலேயே தெரிந்துவிட்டது.

கடல்நீர் பம்பின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம்.
என் மகள் கழற்றிப்போட்ட வளையல் அளவுதான்,
பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு.
அதற்காக
நாலாயிரம் குதிரைத்திறன்
லாயத்தில் கட்டிக் கிடக்கிறது.
கப்பலின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை.

கணினி சொன்னது: இருப்பு ஒன்று.

துவாஸ் கிடங்கின் பதினான்காம் அடுக்கு.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவும் பகலும் இருமும் மூலை.
ஏணியில் ஏறி எடுத்தேன்.
கறுப்பு உறை, உள்ளே பத்திரமாய் வளையம்,
உறைமேல் தேதி.
ஒன்பது நாளுக்கு முன்பே முடிந்திருந்தது அதன் ஆயுள்.
யாரும் தொடவில்லை, வெயில் படவில்லை,
எந்தக் கடலையும் அது பார்க்கவில்லை;
சும்மா இருந்தே மூத்துவிடும் ரப்பர்.

பரவாயில்லை, மூன்று பேர் இருக்கிறார்கள்.
மூன்று பேர் இருக்க வேண்டும் என்று
இரண்டு வருடம் கூட்டம் கூட்டமாய்ப் பேசி வாங்கிய மூன்று பேர்.
ஊபியில் கோ பூன் டெக்,
பினாங்கில் நோர்லைலா,
ரோட்டர்டாமில் எப்போதும் ஜலதோஷம் பிடித்த ஒருவர்.

பிப்ரவரி பத்தொன்பது, என்றார் கோ.
பிப்ரவரி பத்தொன்பது, என்றார் நோர்லைலா.
ரோட்டர்டாம் தும்மிவிட்டு
அதே தேதியைச் சொன்னபோது
பேனாவைக் கீழே வைத்தேன்.

'உங்களுக்கு யார் வார்த்துத் தருகிறார்கள்?'
'அம்மணி, அது வியாபார ரகசியம்.'
பிறகு மனசு கேட்காமல் ஒரு படம் அனுப்பினார் கோ:
ஏதோ ஒரு பள்ளத்தாக்கு, பெருக்கெடுத்த ஆறு,
தகரக் கொட்டகை, ஜன்னல்வரை தண்ணீர்,
ஜன்னல் விளிம்பில் கவிழ்த்த சிவப்பு வாளி.
அரை மணி நேரத்தில் நோர்லைலாவும் அனுப்பினார்.
அதே ஆறு. அதே கொட்டகை.
அதே வாளி.

மூன்று குழாய் போட்டு வைத்திருந்தோம்,
ஒரே கிணற்றில்.

வெளியே, வேலிக்கு அப்பால்,
ஆளில்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து
ஒன்றையொன்று உரசாமல் ஓடிக்கொண்டிருந்தன.
உலகத்துச் சாமான் எல்லாம் என் கண் முன்னால் இறங்குகிறது;
என் வளையத்தைத் தவிர.

காலாவதியானதை மாட்டலாமா என்று கேட்டார் ஃபைரூஸ்.
ஒன்பது நாள்தானே.
கையெழுத்துப் போட ஒரு படிவமும் இருக்கிறது.
நடுக்கடலில் பத்தாவது நாளாகிவிட்டால், என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை. நானும் படிவத்தைத் திறக்கவில்லை.

உலர்துறையில் அதன் உடன்பிறப்பு நின்றது,
வயிறு திறந்து, வண்ணம் சுரண்டி,
ஏப்ரல்வரை எங்கும் போகாத கப்பல்.
அதன் கழுத்திலிருந்து கழற்றி
இதன் கழுத்தில் மாட்டினார்கள்.
கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதுபோல;
திருப்பித் தரும் நாள் மட்டும் எழுதவில்லை.

இரவு பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி அழைத்தார்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை. சரி சரி என்றேன்.

கடைசி எம்ஆர்டியைத் தவறவிட்டு உட்கார்ந்து
மீள்திறன் அட்டவணையைத் திறந்தேன்.
வளையத்தின் வரிசையில் மூன்று பெயர்,
மூன்றுக்கும் சேர்த்துப் பளபளவென்று ஒரு பச்சைக் கட்டம்.
மூன்று பெயரையும் அடித்து
வாயில் நுழையாத அந்த ஊரின் பெயரை
ஒருமுறை எழுதினேன். கட்டம் சிவப்பானது.
மற்ற பச்சைகளைப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
எத்தனை ஜன்னலில் எத்தனை வாளி.

காலையில் மேலாளர் குறிப்பு அனுப்பியிருந்தார்:
வியாழக்கிழமை பெரியவர்கள் வருகிறார்கள்,
சிவப்பு கொஞ்சம் கண்ணை உறுத்துகிறது,
மஞ்சளாக்க முடியுமா?

கோப்பி ஓ வாங்கிவந்து
இரண்டாவது வரிசையில் இருந்து
போன் போட ஆரம்பித்தேன்.