முதல் பட்டதாரி

தாசில்தார் கையெழுத்திட்ட அந்தத் தாள்
வீட்டுக்கு ஒன்றுதான்.
எட்வினுக்குப் போனது.
மூத்தவன், அதிலும் மெக்கானிக்கல்.

எனக்கு வங்கிக் கடன்.
ராயபுரம் கிளையில் ஜாமீன் கேட்டபோது
அப்பா துறைமுக பாஸை நீட்டினார்.
மேனேஜர் அதன் இரண்டு பக்கமும் பார்த்தார்.
வீட்டுக்கு வந்து
அம்மா வளையலைக் கழற்றினாள்.

இன்று ஒன்றாம் தேதி.
சம்பளம் விழுந்த சத்தத்தின் வாலிலேயே
தவணை எடுத்த சத்தம்.
மிச்சத்தில்
சர்க்கரை மாத்திரை, வளையலுக்கு வட்டி,
குளியலறைக்கு ஒரு கதவு.
போன மாதம் வரை அங்கே சாக்குதான் தொங்கியது.
முதல் நாள் தாழிட்டுக்கொண்ட அம்மா
வெகுநேரம் வெளியே வரவில்லை.

தரமணி, மதியம் ஒன்றரை.
எங்கள் டீமுக்குப் பதினொரு பிரியாணி.
கேட்டில், ஹெல்மெட்டைக் கழற்றாமல்
ஓடிபி கேட்கிறான் அண்ணன்.
நான்கு எண்களைச் சொன்னேன்.
"நீ சாப்ட்டியா?" என்றான்.
கூட வந்த சுரேகாவிடம்
யாரென்று நான் சொல்வதற்குள்
அடுத்த ஆர்டர் அவன் போனில் கூவிவிட்டது.

இரவு, தங்கை டெய்சியின் கல்லூரி விண்ணப்பம்.
குடும்பத்தில் பட்டதாரி உண்டா?
எட்வினே பேனாவை வாங்கி
ஆம் என்று டிக் போட்டான்.
பெயரை நிறுத்தி, அழகாக எழுதினான்.
தொழில் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

"சுயதொழில்னு போடு" என்றார் அப்பா,
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த கட்டம் கட்டணம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
டெய்சி தாளை
என் பக்கம் நகர்த்தினாள்.