இரண்டு முட்களும் ஒரு புளுகும்

சிர்கெவ்வா துறையில், கோசோ படகின் சாய்தளத்தில்,
பாதி இரும்பின் மேல், பாதி கரையின் மேல்
நின்றுவிட்டது என் ஹெரால்டு.
இன்னும் கால் டாங்க் இருக்கிறது என்றது முள்.
பின்னால் முப்பது ஹாரன்கள் வேறு ஏதோ சொல்லின.
சட்டைப் பொத்தான் போடாத மாலுமி ஒருவன்
டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.
"வாசனை மட்டும்தான் இருக்கிறது, அம்மணி."

பின் இருக்கையில் கிளாரினெட்,
இஸ்திரி போட்ட சீருடை.
நதூர் திருவிழா ஊர்வலம்
என் மூச்சு இல்லாமலே நகர்ந்தது.

ஒரே வட்டக் கண்ணாடிக்குள் இரண்டு முள்,
பெட்ரோலுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று.
சூட்டு முள் எட்டு மாதமாகச்
சிவப்பை நக்கிக்கொண்டிருந்தது.
மெல்லீஹா ஏற்றத்தில் எத்தனை முறை நிறுத்தி,
பானட்டைத் தூக்கி, ஆறவிட்டு,
துணி சுற்றி மூடி திருகி,
கொதிக்காத தண்ணீரிடம்
அசடு வழிந்திருப்பேன்!
கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான்.

விஸ்டின் சொன்னான், தெர்மோஸ்டாட். மாற்றினேன்.
சென்சு சொன்னான், டாங்கின் மிதவை. மாற்றினேன்.
இங்கிலாந்திலிருந்து வந்த மிதவைக்கும்
அதன் தபாலுக்கும் ஒரே விலை.
விஸ்டினின் அண்ணன் சொன்னான், வண்டியையே மாற்று.
அவனோடு பேசுவதை மாற்றிக்கொண்டேன்.

துறையில் முகம் சிவந்த அன்றிரவுதான் உறைத்தது.
ஒரு சாட்சி பொய் சொன்னால்
அந்தச் சாட்சியைப் பிடிக்கலாம்.
ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சாட்சிகள்
ஒன்றுபோல் கூட்டிச் சொன்னால்
இருவருக்கும் படியளப்பவன் எங்கே?

இருந்தான். வேகமானியின் முதுகில்,
பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பி.
ஸ்டியரிங்குக்கு அடியில் தலை,
இருக்கைமேல் கால், வாயில் டார்ச்.
ஸ்டெபிலைசர் என்று பெயர்,
ஆனால் நிலையாக எதையும் தராது.
பன்னிரண்டு வோல்ட், பூஜ்யம், பன்னிரண்டு, பூஜ்யம் என்று
ஓயாமல் மனம் மாற வேண்டும் அது.
அந்தத் தத்தளிப்பின் சராசரிதான்
இரண்டு முட்களும் உண்ணும் பத்து.

சோதனை விளக்கை வைத்தேன். மினுக்க வேண்டும்.
மினுக்கவில்லை.
மூச்சு விடவே தெரியாத கற்றுக்குட்டி
ஒரே சுரத்தை இழுப்பதுபோல
எரிந்துகொண்டே இருந்தது.

டப்பியைப் பிடித்திருந்த திருகாணியில் துரு.
இந்தத் தீவில் காற்றுக்கும் உப்பு அதிகம்.
வண்டியின் உடம்புதான் அதற்கு மண், எர்த்.
தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்பார்கள்;
இது மண்ணைக் கவ்வாததால் தோற்றது.
பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு,
உப்பு தின்ற இடத்தை
உப்புத்தாளால் தேய்த்தேன்,
தகரம் கண் திறக்கும் வரை.

மறுபடி ஒயர். சாவி.
விளக்கு மினுக்கியது.
பழைய முள் அவசரப்படாது,
உள்ளே தகடு சூடேறி வளைந்தால்தான் எழும்.
மெல்ல எழுந்து,
நான் ஊற்றியிருந்த ஐந்து லிட்டரில்
முதல் தடவையாக
ஐந்து லிட்டராக நின்றது.
ஏற்றம் ஏறி இறங்கி வந்தேன்.
சூட்டு முள் நடுவில்,
மதியம் தூங்குகிறவனைப் போல.

கோளாறு ஒன்றுதான்.
ஒரு முள்ளில் இல்லாத ஆபத்தைக் காட்டியது,
மறு முள்ளில் இல்லாத இருப்பை.
ஆபத்து என்றதும் ஒவ்வொரு முறையும்
இறங்கிப் பார்த்தேன்.
இருக்கிறது என்றபோது
ஒரு தரம்கூட.

அதனால்தான் டிக்கியில் இப்போது ஒரு நாணல் குச்சி.

ஞாயிறு, அதே சாய்தளம், அதே மாலுமி;
இன்று பொத்தான் போட்டிருந்தான்.
"இன்று எவ்வளவு இருக்கிறது, அம்மணி?"
டாங்கில் விட்டு எடுத்துக் காட்டினேன்,
நான்கு விரல் ஈரம்.
அவன் குனிந்து பார்ப்பதற்குள்
காய்ந்துவிட்டது.