இரண்டாம் தடவை

இடையன்குடிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடம்.
கண் முகாம். தேரிக்காற்று
பதிவுச் சீட்டெல்லாம் செம்மண் பூசுகிறது.
சுவரிலிருந்து ஆறு மீட்டர் அளந்து
சுண்ணாம்புக் கோடு போட்டேன்.
கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்பது என் வேலை:
"இது தெளிவா, முன்னதா?"

பாதிப்பேர் பொய் சொல்வார்கள்.
டாக்டர் மனசு நோகுமே என்று,
பின்னால் வரிசை நிற்கிறதே என்று,
"நல்லாத் தெரியுது தம்பி."

அன்னப்பழம் சொல்லவில்லை.
போன மாதம் புரை எடுத்த கண்.
இரும்புச் சட்டகம் மூக்கில் கனக்க
பலகையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.
"பனை தெரியுது" என்றாள். "ஆனா நடக்கு."
வெளியே ஆண்கள் வரிசை
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

லென்ஸ் கையிலேயே நின்றது.

பெத்சாயிதாவில் ஒருவன் இப்படித்தான் சொன்னான்.
மற்ற இடமெல்லாம் ஆண்டவர் கட்டளையிட்டார்.
எழும்பு. கையை நீட்டு. வெளியே வா.
அவனிடம் மட்டும்
ஊருக்கு வெளியே கைபிடித்துக் கூட்டிப்போய்
எச்சில் தொட்டு வைத்துவிட்டு
என் கேள்வியைக் கேட்டார்.
ஏதாவது தெரியுதா?

தெரியுது என்று சொல்லியிருக்கலாம்.
சீஷர்கள் சுற்றி நிற்கிறார்கள்.
தொட்டவர் யாரென்றும் தெரியும்.
அவனோ, மனுஷர்தான், ஆனால்
மரமாட்டம் நடக்கிறார்கள் என்றான்.

என் அண்ணன் ஆசீர் அப்படிச் சொல்லவில்லை.
திசையன்விளைக் கூட்டத்தில்
சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தான்.
மைக்கை வாயருகே பிடித்தார்கள்.
"முழுசாத் தெரியுது" என்றான்.
பந்தலே அல்லேலூயா என்றது. நானும்தான்,
ஒன்பது வயசுத் தொண்டை கிழிய.
பஸ் ஸ்டாண்டில் என் காதோடு கேட்டான்:
"லேய், போர்டுல என்ன போட்டிருக்கு?"
நான் படிக்கவில்லை. படித்தால்
அற்புதம் கெட்டுவிடும் என்று பயம்.
நாகர்கோவில் வண்டியில் ஏறிவிட்டோம்.
காவல்கிணறு தாண்டும்வரை
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
அந்த மௌனத்துக்கு வீட்டில்
விசுவாசம் என்று பேர் வைத்தோம்.

இப்போது ஆசீர் கண்ணாடி போட்டிருக்கிறான்.
கோயிலுக்கு வருவதில்லை.

அவனிடம் இதை நான் சொல்லியதே இல்லை:
பாதிதான் என்றவனை
உனக்கு நம்பிக்கை போதாது என்று
ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை, அண்ணே.
கை இன்னும் ஈரம் காய்ந்திருக்காது.
மறுபடி வைத்தார்.
முதல் தடவை பத்தவில்லை என்று
அவர் வெட்கப்படவும் இல்லை.

எனக்கும் பல நாள் மரங்கள்தான்.
ஜெபத்தில் முழங்காலிட்டால்
ஏதோ அசைகிறது, காற்றா ஆளா தெரியவில்லை.
ஆமென் என்று சத்தமாய்ச் சொல்லி
வரிசையை நகர்த்திவிடுகிறேன்.

அன்னப்பழம் காத்திருந்தாள்.
அரைப் பவர் கூட்டினேன்,
குறுக்கு லென்ஸை மெல்லத் திருப்பினேன்.
"இப்போ?"

வெகுநேரம் பேச்சில்லை. காற்றாடிகள்
பணகுடிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தன.
பிறகு அவள் சிரித்தாள்.
"அது பனையில்ல. எங்க கோயில்பிள்ளை.
சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுட்டு நிக்கான், பாரு."

சீட்டில் எழுதினேன்: ஆறுக்குப் பன்னிரண்டு.
முழுசு இல்லை.
அடுத்த மாதம் திரும்ப வரச் சொன்னேன்.