ஏறாத கோடு

ஊபியில் ஏழாவது மாடி.
குளிர் அதிகம்; யாரும் குறைக்கவில்லை.
திரையில் ஒரு நீலக் கோடு
கொஞ்சம் எழுந்து, யோசித்து,
மறுபடி படுத்துக்கொண்டது.

"இவ்வளவுதானா, அமிர்தவல்லி?" என்றார் குவெக்.
கேட்ட விதம் கனிவுதான்.
வருகை எவ்வளவு, வரவு எவ்வளவு.
அவர் தாளில் இரண்டே கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்
மருந்தகங்களின் பட்டியல் எங்கள் தளம்.
எந்தப் பேருந்து, எத்தனை வெள்ளி கேட்பார்கள்,
எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது,
தமிழிலும் வங்காளத்திலும்.
காய்ச்சலோடு வருகிறவர்
ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும்.
அவரை நிறுத்திவைத்துக் கணக்குக் காட்ட
எனக்கு மனம் வரவில்லை.

"நல்ல பேர் இருக்கிறது" என்றேன்.
"சரி. அதை எதால் அளப்பது?"

துவாஸில் ஒரு விடுதி அறை.
இரும்பு அலமாரிக் கதவின் உட்புறம்
எங்கள் பட்டியலை யாரோ ஒட்டியிருந்தார்.
அச்சு அல்ல, பேனா.
நாங்கள் 'கலை ஒன்பது மணி' என்று பிழையாகப் போட்டிருந்தது
அதிலும் கலையாகவே இருந்தது.
ஒரே ஒருமுறை வந்திருக்கிறார்,
எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.
பன்னிரண்டு கட்டில்களுக்கு அது போதும்.
கோட்டில் அவர் ஒரு புள்ளிகூட இல்லை.

போன மாதம் வக்கீல் நோட்டீஸ் ஒன்று,
ஒரு கிளினிக்கின் பேரை எடுக்கச் சொல்லி.
எவரும் பார்க்காத சுவரில்
தன் பேர் கிடப்பதற்காக
யாரும் வக்கீலுக்குக் கொட்டிக் கொடுப்பதில்லை.

"இந்தப் பள்ளம்?"
குவெக்கின் விரல் ஏப்ரலில் நின்றது.
சர்வர் மூன்று மணி நேரம் படுத்த ஞாயிறு.
அன்று என் கைப்பேசியில் நாற்பத்தொரு அழைப்புகள்.
என் எண்ணை நான் எங்குமே போட்டதில்லை.
யார் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.
ஒருவர் மட்டும் மருந்தகம் எதுவும் கேட்கவில்லை.
"மூடிட்டீங்களோன்னு நெனச்சிட்டோம்" என்றார்,
வைத்துவிட்டார்.

இதில் எதையும் நான் சொல்லவில்லை.
வாயில் வந்தது வேறு:
"அடுத்த காலாண்டில் பார்க்கலாம்."

காரணம் உண்டு.
நேற்று செம்பவாங்கிலிருந்து இசக்கிமுத்து
குரல் பதிவு அனுப்பியிருந்தார்.
"முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க,
நாப்பத்தெட்டு புடுங்கிட்டான்.
வேற எவனாச்சும் சொல்லியிருந்தா
விட்டுத் தொலைச்சிருப்பேன்.
நீங்களே இப்படிப் போட்டா?"

அந்த 'நீங்களே'யை
மூன்று முறை போட்டுக் கேட்டேன்.
எங்கள் கையிருப்பு மொத்தமும் அந்த ஏகாரத்தில் இருந்தது,
அதையும் பதின்மூன்று வெள்ளிக்கு
உரசிவிட்டோம்.

திரும்பும் பேருந்தில் ஈரக் குடையை மடியில் வைத்தபடி
முப்பத்தைந்தை நாற்பத்தெட்டாக்கினேன்.
கீழே சின்ன எழுத்தில்:
'முன்பு இருந்தது தவறு. தவறு எங்களுடையது.'
கலையைக் காலையாக்கினேன்.
துவாஸ் அலமாரியில் அது கலையாகத்தான் இருக்கும்,
யாராவது போய்ச் சொல்லும்வரை.

இரவு பதினொன்றுக்குப் பார்த்தேன்.
அந்த வரியை ஆறு பேர் படித்திருந்தார்கள்.
கோடு அசையவில்லை.
ஆறாவது ஆள்
நான்தான் என்று நினைக்கிறேன்.