மறு அடகு

அம்மா விட்டுப்போனது ஒரு ஜோடிக் கம்மல்.
ஏழேகால் கிராம். பாம்பன் சொசைட்டிப் பெட்டியில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் போட்டிருந்தாளாம்,
என் புதுநன்மைக்கு ஒரு பகல்.
அப்புறம் இன்ஜினுக்கு, வலைக்கு,
தலைமன்னாரில் பிடிபட்ட செபமாலை மாமாவுக்கு.

மரிக்கொழுந்துப் பாசி பறித்த காசில்
வட்டி மட்டும் கட்டுகிறேன்.
கடலுக்குள் முங்குகிற காதில்
துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி.

சீட்டு ஜெபப் புத்தகத்துக்குள், நாலாக மடித்து.
மடிப்பில் அம்மா பேர் அழிந்துவிட்டது;
எடை மட்டும் தெரிகிறது.

மாற்றி வைக்கப் போனபோது கிளார்க் கேட்டார்:
"இனி யார் பேருக்கு?"
இடுப்பிலிருந்த ஜெனோவாவைக் காட்டினேன்.
பதினோரு மாசம்.
"கையெழுத்துப் போடுமா?" என்று சிரித்தார்.

அவள் எட்டிச் சீட்டைப் பறித்து
வாயில் வைத்துவிட்டாள்.
பிடுங்கி விரித்துப் பார்த்தேன்.
எடை இருந்த இடம்
ஈரமாக இருந்தது.