தூரம் என்னும் மாறி

ஹற்றன். மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கரண்ட் இருக்கிற மூன்று மணித்தியாலத்துக்குள்
ஒரு சிறுத்தைக்கு இசை அமைக்க வேண்டும்.

முழுப்பாட்டு எழுதுவதில்லை நான்.
துண்டுகள்தான்:
நான்கு வினாடி வயலின், ஆறு வினாடி உறுமி,
தகரத்தில் மழை.
எதை எப்போது எடுப்பதென்று
நிரலுக்கு விதி சொல்லிவிட்டு
ஒதுங்கிக்கொள்வேன்.
ஆடுகிறவர் நடந்தால் அதுவும் நடக்கும்.
ஒரே சரிவில் இருமுறை ஏறினாலும்
ஒரே பாட்டு வராது.
சிறுத்தையின் தூரம்
நாற்பது மீற்றருக்குக் கீழே இறங்கினால்
உறுமி உள்ளே வரும்.
பதினைந்தில் வயலின் கீறும்.

வேகத்துக்கான மாறிக்கு
லயம் என்று பெயர் வைத்திருந்தேன்.
ஞாயிறு, ஆடிப் பார்க்க வந்த புஷ்பலீலா
திரையை எட்டிப் பார்த்தாள்.
"லயம் தொண்ணூத்தாறா?
எங்க லயத்துல பன்னெண்டு காம்பராதான்."

அவள் ஒருமுறைகூடச் சாகவில்லை.
மூன்றாம் ஆட்டத்தில் திரையையே பார்க்கவில்லை;
கண்ணை மூடி, ஹெட்போனை அமுக்கிப் பிடித்து,
உறுமி வந்ததும் பாதையை மாற்றினாள்.
"ஒங்க பாட்டு கோள் சொல்லுது" என்றாள்.
"புலி பாவம்."

அவளது இடத் தோளில் பதினொரு தையல்.
போன ஆவணி, ஏழாம் நம்பர் மலை.
அன்றைக்கு என்ன கேட்டது என்று
நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்:
"கங்காணி போன்ல பேசிக்கிட்டிருந்தாரு.
வேற ஒண்ணுமில்ல."

அவள் போன பிறகு விதியை மாற்றினேன்.
உறுமி பிந்தலாம்:
பூச்சியம் முதல் ஒன்பது வினாடி, ஏதோ ஓர் எண்.
சிலவேளை வரவே வராது.
சிலவேளை சிறுத்தை இல்லாமலும் வரும்.
விளையாட்டு நன்றாகிவிட்டது.
எனக்குப் பிடிக்கவில்லை.
அழித்தேன். திரும்ப எழுதினேன்.
பாதியில் கரண்ட் போனது.
எந்த விதி சேமிப்பில் நின்றதென்று
நாளைக்குத்தான் தெரியும்.

நோர்வூட் கடைசி பஸ்.
இறங்கி, குறுக்குப்பாதையில் ஏறுகிறேன்.
பனிமூட்டம் தேயிலை மட்டத்துக்கு இறங்கிவிட்டது.
சில்வண்டு கத்திக்கொண்டே வந்தது,
நின்றது.

நானும் நிற்கிறேன்.

மேலே எந்த லயத்திலோ ஒரு டீவி
சவர்க்கார விளம்பரத்தைப் பாடுகிறது
அதே வேகத்தில், அதே சுருதியில்.
கீழே யார் எங்கே நிற்கிறார் என்று
அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.